'போ' மேல் போட்ட பழி

நங்கூரம் நிலையம், என்செலடஸ்
நாள் 203, 08:10

ரெனாட்டோ மாமா எதைச் சொன்னாலும் கடைசியில் "போ" என்று முடிக்கிறார். இன்று காலை பத்து நிமிடத்தில் பதினான்கு முறை. எண்ணினேன்.

வழக்கமான பதிவு. கடல்நீர் ஒரு டிகிரி. கீழறை அழுத்தம் சரி. சல்லடை அடைப்பு நூற்றுக்குப் பதினெட்டு. தொட்டி பாதி. நீர் ஏற்றும் கப்பல் வரப் பத்தொன்பது நாள்.

புதிதாகப் படிப்பவருக்கு: சனியின் இந்த நிலவில் மேலே பனி, அடியில் கடல். நாங்கள் ஆறு பேர் பனியின் அடிவயிற்றில் இருக்கிறோம். கடல்நீரை உறிஞ்சி வடித்துக் கப்பல்களுக்கு எரிபொருளாக்குவது வேலை. நீர் உள்ளே வரும் சல்லடையில் வெள்ளை மணல் சுண்ணாம்புபோல் இறுகிக்கொள்ளும். இயந்திரக் கையை அனுப்பினால் பத்து நிமிடத்தில் அதன் மூட்டே அடைத்துக்கொள்கிறது. அதனால் ஆள் இறங்கிச் சுரண்ட வேண்டும். இறங்குவது என் அம்மா, அமலோற்பவம். பாம்பனில் பாறைக்கு நடுவே பாசி எடுத்த கை. இங்கே ஈர்ப்பு மிகக் குறைவு. இத்தனை பனிக்குக் கீழேயும் அழுத்தம் நம் கடலில் இருபது ஆள் ஆழத்தில் இருப்பதுதான்.

ரெனாட்டோ மாமா பிலிப்பைன்ஸ்காரர். மேலே இருந்து அம்மாவின் கயிற்றைப் பிடிப்பார். ஹேமி அண்ணன் நியூசிலாந்து, மாவோரிக்காரர். பம்ப் அறை அவருடையது. வன்னாக்கா தாய்லாந்து. சமையல். மேலாளர் நிரஞ்சன் சார் சென்னை. நான் ஜெனோவா, வயது பதினேழு, பதிவு எழுதுகிறேன். முதலில் நோட்டில் எழுதி, பிறகு கணினியில் ஏற்றுவேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன். அந்தப் பழக்கம் மட்டும் நிற்கவில்லை.

காதுக்கருவி எல்லோர் பேச்சையும் தமிழாக்கிக் கொடுக்கும். அது தமிழ் கற்றது அம்மாவின் வாயிலிருந்து. அதனால் யார் பேசினாலும் என் காதில் பாம்பன் மீன்சந்தை கேட்கிறது. ஓரெழுத்துச் சொல் வந்தால் மட்டும் எந்த மொழி என்று அதற்குத் தெரியாது. அப்படியே விட்டுவிடும். ரெனாட்டோ மாமாவின் "போ" உரிக்காத காய்போல் வந்து விழுவது அதனால்தான்.

நாள் 203, 13:30

உணவறை இணைப்பிலிருந்து, பதிந்தபடி:

அம்மா: "ஏ ரெனாட்டோ, நீ என்னப்பா, அக்காங்குற, அந்தாக்குல போங்குற? என்னய எங்கிட்டுப் போகச் சொல்ற?"

ரெனாட்டோ: "ஐயோ அக்கா, அது மரியாதைக்குப் போடுறது போ. அது இல்லாம பெரியவங்ககிட்டப் பேசுனா எங்கம்மா செருப்ப எடுத்துருவா போ."

அம்மா: "அப்ப நான் எம்மகளுக்கு விடிஞ்சதுலருந்து மரியாத குடுத்துக்கிட்டு இருக்கேனாக்கும். குளிக்கப் போ, திங்கப் போ, வேலைக்குப் போன்னு."

வன்னா: "எங்கூர்ல அது 'போதும்'னு அர்த்தம். சோறு வைக்கும்போது அதச் சொல்லிறாதீங்க. கரண்டிய எடுத்துருவேன்."

ஹேமி: "எங்காளுகளுக்கு அது ராத்திரி. இருட்டு. செத்தவுக போற எடமும் அதுதான்."

அம்மா: "நல்லாருக்குய்யா. நான் ஒரு வார்த்த சொன்னா ஒருத்தன் கும்புடுறான், ஒருத்தி சட்டிய மூடுறா, ஒருத்தன் வெளக்க அமத்துறான். எம்மக மட்டும் எந்திரிக்க மாட்டேங்குறா."

என்னைச் சொன்னது சாப்பாட்டு விஷயம். ஒரு தட்டுச் சோற்றுக்கு எனக்கு ஒரு மணி நேரம் ஆகும். இங்கே அவசரமாக அள்ளினால் பருக்கை மிதந்து போய்விடும் என்பது என் வாதம். பாம்பனிலும் ஒரு மணி நேரம்தான் ஆயிற்று என்பது அம்மாவின் வாதம்.

சிரித்துக்கொண்டே நான்கு பொருளையும் கட்டம் போட்டு எழுதினேன். தமிழ்: செல். தகலாக்: மரியாதை. தாய்: போதும். மாவோரி: இரவு. மாலையில் நிரஞ்சன் சார் அதைப் பார்த்தார். "சூப்பரா எழுதியிருக்க பாப்பா. இத நான் ஒரு காப்பி எடுத்துக்கறேன்." முதல் தடவையாக என் எழுத்தை ஒருவர் கேட்டு வாங்கினார்.

நாள் 207, 16:00

கயிற்றைப் பற்றி எழுதவில்லை. எழுதுகிறேன்.

இறங்குபவர் ஹீலியம் கலந்த காற்றைச் சுவாசிக்கிறார். அதில் குரல் வாத்துக் குரலாகிவிடும். காதுக்கருவிக்கு ஒன்றும் புரியாது. அதோடு பேச்சு காற்றைத் தின்னும். ஆகவே கயிற்றில் இருக்கும்போது வாய் திறக்கக் கூடாது. இது அம்மாவின் சட்டம். நிறுவனம் கொடுத்த குரல்வழிக் கட்டளைப் புத்தகத்தை அவள் மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறாள்.

ஒரு இழுப்பு: நலம். இரண்டு: கயிறு விடு. மூன்று: மேலே இழு. மேலே இருப்பவர் அதே எண்ணிக்கையைத் திருப்பி இழுத்துக் காட்ட வேண்டும். அப்போதுதான் கீழே இருப்பவருக்குச் சேதி சேர்ந்தது தெரியும். வேறு எந்த எண்ணிக்கையும் செல்லாது. ரெனாட்டோ மாமா இரண்டே நாளில் கற்றுக்கொண்டார். கயிற்றில் யாருக்கும் வேறு பொருள் இல்லை.

சல்லடையின் உறிஞ்சலை எதிர்த்து நீந்தி வர முடியாது. பம்பை முழுதாக நிறுத்தினால் குழாய் உறைந்துவிடும். கயிற்றைச் சுற்றும் வின்ச் இழுத்தால்தான் ஆள் வரலாம்; அதன் பூட்டு நிரஞ்சன் சார் கையில். வந்து சேரப் பன்னிரண்டு நிமிடம்.

கயிற்றோடு ஒரு மணி கட்டியிருக்கிறோம். பதிவறையில் எனக்குக் கேட்கும். நான் இணைப்பில் பேசுவதில்லை. வெட்கம். கேட்டேன் என்பதற்கு ஒலிவாங்கியை ஒரு முறை தட்டுவேன். "எம்மகளும் கயித்துலதான் இருக்கா" என்பாள் அம்மா.

நாள் 211, 07:20

சல்லடை அடைப்பு அறுபத்தொன்று. தொட்டி நிறைவது நின்றுவிட்டது. அம்மா இன்று இறங்குகிறாள்.

உணவறை ஒலிப்பதிவுக் கருவியைச் சோதித்தேன். வேலை செய்கிறது. 07:12க்கு அதில் இருப்பது அம்மா என்னைத் திட்டியது: "போ. போயி மொதல்ல சோத்தத் தின்னு." பின்னால் கரண்டி தட்டு விளிம்பில் பட்டு நீளமாகக் கிணுங்குகிறது. தின்றேன், பாதி.

நாள் 211, இறங்கு பதிவு

12:35 இறங்கினாள். காற்று தொண்ணூறு நிமிடம்.

12:50 ஒன்று. திருப்பி ஒன்று.

13:20 ஒன்று. திருப்பி ஒன்று.

13:41 நிரஞ்சன் சார்: "எவ்ளோ முடிஞ்சிருக்கும்?" ரெனாட்டோ: "மூணுல ரெண்டு பங்கு சார் போ."

13:48 மூன்று. திருப்பி மூன்று. வின்ச் சுற்றவில்லை.

13:49 ரெனாட்டோ: "சார், வின்ச்சு பூட்டிக்கிச்சு போ. சுவிட்ச்சுப் பலகையப் பாருங்க." நிரஞ்சன் சார்: "பூட்டிக்கல. நான்தான் நிறுத்தி வெச்சிருக்கேன். இன்னும் ஒரு பங்குதானே. முடிச்சிட்டு வரட்டும். பத்து நிமிஷம்."

13:52 மூன்று. திருப்பி மூன்று. ரெனாட்டோ: "சார், அக்கா சும்மா இழுக்க மாட்டாங்க போ. தொறந்து விடுங்க போ. காலப் புடிக்கிறேன் போ."

13:57 மூன்று. திருப்பி மூன்று. ரெனாட்டோ மாமா கையால் இழுக்கிறார். பிரேக் பிடித்திருக்கிறது.

14:01 மூன்று. நான் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

14:05 காற்று முடியும் நேரம்.

14:06 ஒன்று.

14:06 நான் ஒலிவாங்கியைத் தட்டினேன். ஒன்று.

14:09 வின்ச் சுற்றியது.

14:21 வந்தாள்.

நாள் 211, 18:00

கடல்நீர் ஒரு டிகிரி. அழுத்தம் சரி. சல்லடை அடைப்பு இருபது. மூன்றில் இரண்டு பங்கு முடித்திருந்தாள்.

ரெனாட்டோ மாமாவின் இரண்டு உள்ளங்கையிலும் தோல் இல்லை.

ஒன்று என்றால் நலம். அவள் அதை எனக்காக இழுத்தாள். நான் கேட்டுக்கொண்டிருப்பேன் என்று தெரிந்து இழுத்தாள்.

நாள் 213, 11:40

நிரஞ்சன் சார் பூமிக்கு அனுப்பிய அறிக்கை. இங்கிருந்து செய்தி போய்ச் சேர எண்பது நிமிடம். பதிவுக்காரி என்பதால் பிரதி எனக்கும் வந்தது. எடுத்து எழுதுகிறேன்:

"விபத்துக்குக் காரணம் மொழி. மறைந்த பணியாளர் 13:48க்குக் குரல்வழி இணைப்பில் 'போ' என்றார். தமிழில் அது இயக்கச் சொல்லும் கட்டளை. வின்ச் இயக்குபவரின் தாய்மொழியிலோ அது வெறும் மரியாதை அசை. ஓரெழுத்துச் சொல்லை மொழிபெயர்ப்பான் விட்டுவிடுவதால், அவர் மீதி வாக்கியத்துக்காகக் காத்திருந்தார். இருபது நிமிடம் வீணாயிற்று. இச்சொல் இந்நிலையத்தில் நான்கு பொருளில் வழங்குவதற்குச் சான்றாகப் பதிவேட்டுப் பக்கம் ஒன்றும், குரல் பதிவும் இணைப்பில்."

பதிவேட்டுப் பக்கம் என்னுடையது. கட்டம் போட்டது நான். அடிக்கோடு சிவப்பு மையில்.

நாள் 213, 15:05

பூமியிலிருந்து:

"ஆழ்ந்த இரங்கல். ஒரு சிறு சொல் ஓர் உயிரைப் பறித்த சோகம் எங்கள் அனைவரையும் உலுக்கியது. ரெனாட்டோவைப் பணியிலிருந்து விலக்கி, 222ஆம் நாள் கப்பலில் அனுப்புங்கள். உயிரிழப்புக்குக் காரணமான கவனக்குறைவுக்காக இங்கே அவர் மீது வழக்கு நடக்கும். இத்தகைய சொற்களைத் தடைசெய்து அறிவிப்பு ஒட்டுங்கள்."

ரெனாட்டோ மாமாவைச் சேமிப்பறையில் வைத்துப் பூட்டினார்கள். பூட்டியது நிரஞ்சன் சார். மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். கணினியில் 211ஆம் நாள் 13:30 முதல் 14:30 வரை பதிவு இல்லை. இழுப்பை எண்ணும் கயிற்று மீட்டரிலும் இல்லை. "கருவிப் பழுது" என்று இருக்கிறது. நோட்டில் இருக்கிறது. நோட்டு என் பாவாடைக்குள் இருக்கிறது.

நாள் 214, 09:30

சான்றாக வைத்த குரலைக் கேட்டேன். ஒரே சொல். "போ."

அம்மாவின் குரல்தான். வாத்துக் குரல் இல்லை. வீட்டுக் குரல். சொல் முடியும் இடத்தில், வெட்டு விழுவதற்கு ஒரு நொடி முன்னால், கரண்டி கிணுங்கத் தொடங்குகிறது.

கடலுக்கடியில் ஏது கரண்டி.

மறுபடி கேட்டேன். இருபது முறை இருக்கும். அவள் என்னைச் சாப்பிடச் சொன்னதை நறுக்கி எடுத்து, அவளைக் கொன்றதற்குச் சாட்சியாக வைத்திருக்கிறார்.

நாள் 214, 17:15

விசாரணைக் குழுவுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். ஹீலியம், கரண்டி, கயிறு எல்லாம் எழுதினேன். பூமிக்கு எதை அனுப்பவும் மேலாளரின் அட்டை வேண்டும். அது அவர் கழுத்தில் தொங்குகிறது.

ஒரு மணி நேரம் கழித்து இணைப்பில் அவர் பேசியது:

"பாப்பா, உன் லெட்டர் படிச்சேன். ஒன்பதாங்கிளாஸ் முடிச்ச பொண்ணு, விசாரணைக் குழுவுக்கே ஹீலியம் பாடம் எடுக்குறியா? குரலைக் கருவி சீராக்கிடுச்சுன்னு நான் எழுதிட்டேன். அங்க யாரும் இங்க வந்து பாக்கப் போறதில்ல. யோசிச்சுப் பாரு. யாரும் வேணும்னு பண்ணல, வார்த்தையாலதான் ஆச்சுன்னா அம்மா பேருக்கும் நல்லது. நீ நல்ல பொண்ணு. பேசாம இருப்ப. அதான் உங்கிட்ட எனக்குப் பிடிச்சது."

நான் ஒலிவாங்கியை ஒரு முறை தட்டினேன். கேட்டேன் என்பதற்கு.

நிலையத்தில் குரலைச் சீராக்கும் கருவி எதுவும் கிடையாது.

நாள் 216, 12:50

உணவறைச் சுவரில் அறிவிப்பு. "தடைசெய்யப்பட்ட சொற்கள். 1. போ." கீழே என் கட்டம், அச்சடித்து, அழகாக. தமிழ், தகலாக், தாய், மாவோரி. மேலே ஒரு வரி: "ஒரு சொல், ஓர் உயிர்."

அந்தச் சொல் ஒன்றும் செய்யவில்லை. அது நாலு ஊரில் நாலு வேலை பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது.

சேமிப்பறைக் கதவுக்கு வெளியே சாப்பாடு வைக்கப் போனேன். ரெனாட்டோ மாமா உள்ளிருந்து, எப்போதும்போல் என் பெயரைச் சுருக்கி: "செனோ, தண்ணி கொஞ்சம் வேணும்..." என்று சொல்லி, முடிவில் வாயை மூடிக்கொண்டார். மூன்று வாக்கியம் பேசினார். மூன்றிலும் கடைசிச் சொல்லை விழுங்கினார். பிறகு சொன்னார்: "அது இல்லாம பேசுனா ஒன்னயத் திட்டுற மாதிரி இருக்கு. எங்கம்மா முகத்துல எப்பிடி முழிப்பேன், செனோ? ஒரு அக்காவக் கொன்னுட்டு வந்துருக்கான்னு சொல்லுவாங்க."

கதவில் தட்டினேன். மூன்று. உள்ளிருந்து திருப்பி மூன்று.

நியாயம் வேண்டும் என்று இங்கே எழுதி, அடித்துவிட்டேன். நிரஞ்சன் சார் கயிற்றில் தொங்க வேண்டும். மேல்முனை என் கையில் இருக்க வேண்டும்.

நாள் 216, 15:20

ஹேமி அண்ணனுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன். "பம்பை முழு வேகத்தில் ஓட்டுங்கள். கப்பலுக்குத் தண்ணீர் வேண்டும் என்று சொல்லிக்கொள்ளலாம்."

முழு வேகத்தில் ஓட்டினால் நீர் கூடுதலாக வரும். மணலும் வரும். சல்லடை பத்து நாளில் அடைவது நான்கு நாளில் அடையும். அவருக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். சீட்டைப் படித்தார். என்னைப் பார்த்தார். சீட்டை வாயில் போட்டு மென்றுவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். சிறிது நேரத்தில் தரை அதிரத் தொடங்கியது.

நாள் 219, 10:10

சல்லடை அடைப்பு அறுபத்தெட்டு. தொட்டி முக்கால். கப்பல் வர மூன்று நாள்.

பூமியிலிருந்து: "தொட்டி நிறையாவிட்டால் மேலாளர் மாற்றப்படுவார்."

யார் இறங்குவது? ரெனாட்டோ மாமாவை வெளியே விட்டால் அறிக்கை பொய்யாகிவிடும். ஹேமி அண்ணனுக்குச் செவிப்பறை கிழிந்திருக்கிறது, இறங்கக் கூடாது. வன்னாக்காவுக்கு நீச்சல் தெரியாது. பதினெட்டு ஆகாதவர் இறங்கக் கூடாது, கயிறு பிடிக்கலாம். இது மேலாளர் கையெழுத்திட்ட விதி.

நிரஞ்சன் சாரிடம் இறங்குவதற்கான சான்றிதழ் இருக்கிறது. சட்டம் போட்டு அறையில் மாட்டியிருக்கிறார். ஒரு முறையும் இறங்கியதில்லை.

இணைப்பில் அவர்: "என்ன பெரிய விஷயம். ஒரு படிக்காத பொம்பளை செஞ்ச வேலை. நாளைக்குக் காலைல நானே முடிச்சிடறேன். பாப்பா, கயிறு நீ பாத்துக்கோ."

தட்டினேன். ஒன்று.

நாள் 220, இறங்கு பதிவு

இதைக் கண்டெடுப்பவருக்கு: நேரங்கள் எல்லாம் கயிற்றறைக் கடிகாரப்படி. எதையும் கூட்டவில்லை.

10:05 உடை மாற்றும் அறையில் சட்டையையும் கழுத்து அட்டையையும் கொக்கியில் மாட்டினார். வின்ச் சாவியை என் கையில் கொடுத்தார். "இது பூட்டில இருந்து திரும்பினாத்தான் மேல இழுக்கும். பத்திரம். நான் குரல்ல சொல்லுவேன், நீ இழு. அந்த ஒண்ணு ரெண்டு மூணு பட்டிக்காட்டுப் பழக்கமெல்லாம் எனக்கு வேணாம், புரியுதா பாப்பா?"

தலையாட்டினேன்.

10:20 இறங்கினார். காற்று தொண்ணூறு நிமிடம். 11:50 வரை.

10:36 குரல். வாத்து கத்துவதுபோல் இருந்தது. அவருக்கே அது திகைப்பாக இருந்திருக்க வேண்டும். இரண்டு முறை நிறுத்தி மறுபடி தொடங்கினார். காதுக்கருவி: ஒன்றும் இல்லை. பதிவு: புரியவில்லை.

10:52 சுரண்டும் சத்தம்.

11:03 சத்தம் நின்றது. உறிஞ்சல் அவரைச் சல்லடையோடு சேர்த்து அழுத்திவிட்டது என்று நினைக்கிறேன். அம்மா எப்போதும் பக்கவாட்டில் நிற்பாள். யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை.

11:06 கயிறு இழுபட்டது. ஏழு. பதிவு: கணக்கில் வராத இழுப்பு.

11:08 பதினொன்று. கணக்கில் வராத இழுப்பு.

11:10 எண்ண முடியவில்லை. குரலும் சேர்ந்து வந்தது. காதுக்கருவியைக் கழற்றிவிட்டுக் கேட்டேன். தமிழ்தானே. "இழு. இழு. இழு."

11:12 உடை மாற்றும் அறைக்குப் போய் அட்டையை எடுத்து வந்தேன். பூமி இணைப்பைத் திறந்தேன். பச்சை விளக்கு எரிந்தது: இனிக் கீழிருந்து வரும் குரலும் பூமிக்குப் போகும். ஒலிவாங்கியை வாயருகே கொண்டுபோனேன். இந்த நிலையத்தில் நான் இணைப்பில் பேசுவது இது முதல் முறை. பதிந்தபடி:

"சார், ஜெனோவா பேசுறேன். கேக்குது. அம்மா எத்தன தடவ மூணு இழுத்தாங்க?"

"என்ன... மொதல்ல இழு! மாட்டிக்கிட்டேன்!"

"எத்தன தடவ சார்?"

"நாலு! நாலு தடவ! மீட்டர்ல பாத்தேன்! இழுடி!"

"வின்ச்ச யாரு நிறுத்துனா?"

"பத்து நிமிஷம்தானேன்னு... தொட்டி நிறையணும்னு... நான்தான், நான்தான் நிறுத்தினேன்... சாவான்னு நெனக்கல, சத்தியமா நெனக்கல பாப்பா..."

"ரெனாட்டோ மாமா?"

"அவன் தொறக்கத்தான் சொன்னான்... கெஞ்சினான்... அவன் மேல தப்பில்ல... போதுமா? போதுமா?"

"அந்தப் 'போ' எங்கருந்து எடுத்தீக?"

"சாப்பாட்டு ரூம் டேப்பு... காலைல... பாப்பா, ப்ளீஸ்மா..."

"அது எனக்குச் சொன்னது சார்."

11:19 அவர் சான்றாக வைத்த அம்மாவின் "போ"வை அடுத்து ஒலிக்கவிட்டேன். கீழிருந்து வரும் குரல் எப்படி இருக்கும் என்பதை அவர் குரலே காட்டிவிட்டது. பக்கத்தில் வைத்துக் கேட்டால் குழந்தைக்கும் தெரியும். 07:12 ஒலிப்பதிவு முழுவதையும், கரண்டிச் சத்தத்தோடு அனுப்பினேன். 211ஆம் நாள் நோட்டுப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பினேன்.

11:21 அனுப்பியாயிற்று. பூமிக்குப் போய்ச் சேரும் நேரம் 12:41.

11:22 சேமிப்பறைக் கதவைத் திறந்துவிட்டேன். சாவிகள் எல்லாம் அந்தச் சட்டைப் பையில்தான் இருந்தன. ரெனாட்டோ மாமா வெளியே வரவில்லை. துணி சுற்றிய கையோடு தரையில் உட்கார்ந்து என்னையே பார்த்தார். "என்ன செஞ்ச, செனோ?" என்றார். திரும்பி வந்துவிட்டேன்.

11:24 கயிறு. ஒன்று, இரண்டு, மூன்று. தெளிவாக, நடுவில் இடைவெளி விட்டு. கற்றுக்கொண்டுவிட்டார்.

11:24 திருப்பி மூன்று இழுத்துக் காட்டினேன். சேதி சேர்ந்தது என்று அவருக்குத் தெரிய வேண்டும். அம்மாவுக்கும் அப்படித்தான் தெரிந்தது.

11:25 அவரிடம் காற்று இருபத்தைந்து நிமிடம். மேலே இழுக்கப் பன்னிரண்டு. சாவி பூட்டில் இருக்கிறது. திருப்பவில்லை.

11:26 மூன்று. திருப்பி மூன்று.

11:27 ஹேமி, பம்ப் அறையிலிருந்து: "ஜெனோவா, இங்க பம்பு சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல. அப்பிடின்னே எழுதிக்க." எழுதிக்கொண்டேன்.

11:28 வன்னா, உணவறையிலிருந்து: "ஏ புள்ள, சோறு எடுத்து வெச்சு எம்புட்டு நேரமாச்சு. ஆறுது."

11:28 மூன்று.

11:29 கயிற்றைக் கொக்கியில் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டு, சாப்பிடப் போனேன்.